வெள்ளியங்கிரி: 64 வயது அப்பாவை ஏழாவது மலை வரை கூட்டிப்போக முடியுமா?

தறிக்காரர் மகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் சென்னிமலைப் பக்கம். அப்பாவுக்கு இந்தத் தை மாதத்தோடு 64 முடிந்தது. நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் மிதித்தவர், இப்போது தறி ஓட்டுவதில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை ஒன்று காலையில் போடுகிறார், இடது முட்டியில் மட்டும் வலி உண்டு, அதுவும் உட்கார்ந்து எழும்போதுதான், நடக்கும்போது இல்லை என்கிறார் (அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம்).

கல்யாணத்துக்கு முன்னால் ஊர்ப் பையன்களோடு வெள்ளியங்கிரி (கோயம்புத்தூருக்கு மேற்கே, ஏழு மலை ஏறி உச்சியில் சிவனைக் கும்பிடுகிற இடம்) போய் வந்தாராம். அதை வைத்து, "ஒரு ராத்திரியில ஏறி எறங்கிட்டோம், என்னடா பெரிய மலை" என்று ஒரு மாதமாக வீட்டில் பேச்சு. இந்த வருஷம் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நான் போனதே இல்லை. எனக்கு 36, கணினி முன்னால் உட்காரும் வேலை, உண்மையைச் சொன்னால் யார் யாரைக் கூட்டிப்போகப் போகிறோம் என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பெரியப்பா பையன் ஒருத்தனும் கூட வருகிறான், அவன் நல்ல உடம்புக்காரன்.

கேள்விகள் இவைதான். ஏழாவது மலை வரை போக வேண்டுமா, இல்லை பாதியில் நல்ல காட்சி தெரிகிற இடம் ஏதாவது இருந்தால் அங்கேயே திரும்பலாமா? ராத்திரி ஏறுவதா, காலையில் ஏறுவதா? அப்புறம், யூடியூபில் எல்லோரும் உச்சியில் நின்று கையை விரிப்பதைத்தான் காட்டுகிறார்கள், இறங்குவதை ஒருத்தரும் காட்டுவதில்லை. இறக்கம் எப்படி இருக்கும்?

---

நொய்யல்கரை எழுதியது:

கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி தம்பி. பதினோரு தடவை போயிருக்கிறேன், அதை முதலில் கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாதையை வரிசையாகச் சொல்கிறேன். பூண்டி அடிவாரத்தில் கோவிலைக் கும்பிட்டு, மூங்கில் தடி ஒன்று வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தால் முதல் மலை முழுக்கக் கல்படிக்கட்டு. படி என்றதும் உங்கள் சென்னிமலைப் படியை நினைக்க வேண்டாம். ஒரு படி சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், ஒன்று உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்று வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு பக்கமும் மரம், காற்றே வராது, பார்க்க ஒன்றும் இருக்காது. பாதிப் பேருக்கு மனசு விட்டுப்போவது இங்கேதான். வெள்ளைப் பிள்ளையார் கோவில் வந்தால் முதல் மலை முடிந்தது என்று அர்த்தம்.

இரண்டும் மூன்றும் கொஞ்சம் படி, கொஞ்சம் பாறை. வழுக்குப் பாறை என்று ஒரு இடம், பேரே சொல்லிவிடும், பாறையிலேயே கால் வைக்கக் கொத்தி வைத்திருக்கிறார்கள். பாம்பாட்டி சுனை, கைதட்டிச் சுனை இரண்டிலும் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். சீசனில் வழியில் ஆங்காங்கே கடை போட்டிருப்பார்கள், சுக்குக் காபி கிடைக்கும். மேலே போகப் போக விலையும் ஏறும், அத்தனையையும் தலையில் சுமந்து வருகிறவர்களிடம் பேரம் பேசாதீர்கள். நான்காவது மலையில் மரம் குறைந்து புல்வெளி வந்துவிடும், வானம் திறக்கும், நடையும் சுலபம். ஐந்தாவதும் அப்படித்தான், ஆனால் காற்று. பீமன் களி உருண்டை என்று சொல்கிற பாறை அங்கேதான் இருக்கிறது.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ஆறாவது மலை ஏற்றம் இல்லை, இறக்கம். ஜம்மென்று இறங்கி ஆண்டி சுனைக்குப் போய்விடுவீர்கள், பனிக்கட்டி மாதிரி தண்ணீர், குளித்தால் களைப்பெல்லாம் போன மாதிரி இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது அதே இறக்கம் ஏற்றமாகி நிற்கும். ஏழாவது மலை செங்குத்து, ஏறி முடித்துச் சாமி பார்த்து இறங்கி வந்த காலோடு மறுபடி ஆறாவதை ஏற வேண்டும். பாதிக்கு மேல் போய்விட்டோமே, இனி இறக்கம்தானே என்று நினைக்கிறவர்களை உடைத்துப் போடுவது இந்த இடம்தான்.

தூரம் ஒரு வழி ஏறத்தாழ 6 கிலோமீட்டர், உயரம் 6000 அடியை ஒட்டி. சாதாரண ஆள் ஏற ஐந்தாறு மணி நேரம். இறங்க நாலு மணி நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது 25 வயதுக் கணக்கு. அப்பாவுக்கு ஏறிய நேரத்தையே இறங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்த முதல் மலைப் படி இருக்கிறதே, போகும்போது மூச்சை வாங்கும், வரும்போது முட்டியை வாங்கும். தடி இல்லாமல் அதில் இறங்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். அடிவாரத்தில் வனத்துறை பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், திரும்பி வந்து பாட்டிலைக் காட்டினால் பணம் கிடைக்கும். ஸ்டீல் பாட்டில் என்றால் இந்த வேலையே இல்லை.

---

மழைக்காதலன் எழுதியது:

கூட்டிப்போகாதீர்கள். முடிந்தது.

2024 சீசனில் மாரடைப்பிலும் மூச்சுத்திணறலிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று செய்திகளைத் தேடிப் பாருங்கள். அதில் வயதானவர்கள் மட்டும் இல்லை, நடுத்தர வயதுக்காரர்களும் உண்டு. மேலே ஆம்புலன்ஸ் வராது, ஒருத்தருக்கு ஏதாவது ஆனால் டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும், அந்தப் படியில் டோலி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசியுங்கள். சாமியைக் கும்பிட அடிவாரத்திலேயே கோவில் இருக்கிறது.

---

தறிக்காரர் மகன் எழுதியது:

நொய்யல்கரை அண்ணா, ரொம்ப நன்றி. ஆறாவது மலை விஷயத்தை அப்பாவிடம் கேட்டேன். "அப்படியா, எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார். 25 வயதில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றுதான் போல.

மழைக்காதலன், நீங்கள் சொல்வது புரிகிறது. அம்மாவும் இதையேதான் சொல்கிறார். ஆனால் நாங்கள் கூட்டிப்போகவில்லை என்றால் அவர் தனியாக பஸ் ஏறிப் போய்விடுவார், அந்த ரகம். அதனால் தடுப்பதைவிடத் தயார் பண்ணுவதுதான் எனக்கு இருக்கிற வழி. ஒரு ஆறு வாரம் அவகாசம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

---

பாதிமலைப் பழனி எழுதியது:

நான் எங்கள் மாமாவைக் கூட்டிப்போய் நான்காவது மலையில் திரும்பி வந்தவன், அதனால் பேரும் இதுதான். மாமாவுக்கு அப்போது 61. ஒழுங்காகத்தான் ஏறினார். தப்பு எங்களுடையது. ஏழு பேர் போனோம், இளவட்டங்கள் முன்னால் ஓட, மாமா அவர்களோடு சேர்ந்தே ஏற வேண்டும் என்று மூச்சைப் பிடித்து ஏறினார், இடையில் உட்காரச் சொன்னால் "உட்கார்ந்தா கால் புடிச்சுக்கும்" என்று பதில். மூன்றாவது மலை தாண்டியதும் தலை சுற்றுகிறது என்றார், முகமெல்லாம் வெளிறிவிட்டது. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஒரு மணி நேரம் படுக்க வைத்தோம். தெளிந்ததும் மேலே போகலாம் என்றார், நான் முடியாது என்று திருப்பிக் கூட்டி வந்தேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை, அது தனிக் கதை.

நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் டாக்டரிடம் போய் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். "மலை ஏறப் போகிறேன்" என்று வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள், சும்மா செக்கப் என்று சொன்னால் அவர்களும் சும்மாதான் பார்ப்பார்கள். பிரஷர் மாத்திரையில் சிறுநீரை அதிகமாக்குகிற வகை ஒன்று இருக்கிறது, மாமா போட்டது அதுதான். வியர்வையும் போய், சிறுநீரும் போய், உடம்பில் தண்ணீர் வற்றித்தான் தலை சுற்றியது என்று அப்புறம் டாக்டர் சொன்னார். அப்பாவின் மாத்திரை என்ன வகை, ஏறுகிற அன்று எப்போது போட வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது பயிற்சி. சென்னிமலைக்காரர் நீங்கள், வாசலிலேயே 1320 படியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்! வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். ஏறிவிட்டு வண்டியில் இறங்குவது கூடாது, இறங்குவதுதான் பயிற்சியே. இறங்கும்போது தொடைச் சதை இழுபட்டுக்கொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருக்கிறது, அதற்குப் பழகாத காலுக்குத்தான் மறுநாள் நாற்காலியில் உட்காரக்கூட முடியாமல் போகும். நாலு வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். அப்போது முட்டி வீங்கினால் பதில் கிடைத்துவிட்டது, வெள்ளியங்கிரி போக வேண்டியதே இல்லை.

மூன்றாவது, ஏறுவதற்கு முன்னாலேயே திரும்புகிற நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மேலே போனபிறகு பேசினால் சண்டைதான் வரும்.

---

ராக்கோழி எழுதியது:

ராத்திரி ஏறுவதுதான் சரி. பகலில் முதல் மூன்று மலையில் வியர்த்து ஊற்றிவிடும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் குளுகுளுவென்று ஏறி விடியும்போது உச்சியில் இருக்கலாம். சூரியன் கோயம்புத்தூர்ப் பக்கம் எழும்புவதைப் பார்க்காமல் வருவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? தவிர இருட்டில் முன்னால் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று தெரியாது, அதுவே பாதி பலம்.

---

நொய்யல்கரை எழுதியது:

ராக்கோழி சொல்வது உங்களுக்கும் எனக்கும் சரி. 64 வயதுக்காரருக்குச் சரியில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டு, உச்சியில் குளிர்காற்றில் வியர்த்த சட்டையோடு நின்று, வெயில் ஏறுகிற நேரத்தில் களைத்த காலோடு அந்தப் படியில் இறங்க வேண்டும். ஏற்றத்துக்குக் குளுமை கிடைக்கிறது, அதற்கு விலையை இறக்கத்தில் கொடுக்கிறோம். இருட்டில் படியின் உயரமும் தெரியாது. முந்தின நாள் சாயங்காலமே பூண்டி போய்த் தூங்கிவிட்டு, விடிகாலை நாலு மணி வாக்கில் ஏற விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பதுதான் நான் சொல்லும் வழி. முதல் மலை இருட்டோடு முடிந்துவிடும், அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்று முன்பே சொன்னேன். தனியாக மட்டும் கிளம்பாதீர்கள், இந்த மலை இருக்கிற போளுவாம்பட்டி வனச்சரகம் யானைக் காடு, கூட்டத்தோடு சேர்ந்தே நடங்கள்.

நாளையும் பார்த்துப் போங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வழக்கமாக விடுகிறார்கள். சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி இரண்டுக்கும் கூட்டம் நெரியும், முதல் மலைப் படியில் நிற்கவே இடம் இருக்காது. ஏப்ரல், மே என்றால் மதியத்துக்கு மேல் கோடை மழை பிடிக்கும், ஈரப் பாறையில் அப்பாவை இறக்க வேண்டாம். மார்ச் மாதம், வாரநாள் ஒன்று.

---

புல்வெளி எழுதியது:

காட்சி எங்கே என்று கேட்டீர்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் போட்டோ எடுக்கப் போகிறவன், சாமி கும்பிடுவது இரண்டாம்பட்சம் (கோபித்துக்கொள்ள வேண்டாம்).

உச்சியில் சிவன் இருக்கிற பாறைக் குகையும், அதற்கு மேல் பெரிய பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற அழகும் ஒரு தனி அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கூட்டம், வரிசை, "நகருங்க சாமி". நின்று பார்க்க முடியாது. நின்று நிதானமாகப் பார்க்க நல்ல இடம் என்றால் என் கணக்கில் ஐந்தாவது மலைதான். புல்வெளி அலை அலையாக இறங்கும், மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு கருப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், மேகம் கீழேயிருந்து ஏறி வந்து உங்களைக் கடந்து போகும். கிழக்கே திரும்பினால் கோயம்புத்தூர்ச் சமவெளி. நொய்யல் பிறப்பதே இந்தத் தொடரில்தான், அப்பாவிடம் சொல்லுங்கள், உங்கள் ஊர்ப் பக்கம் வருகிற ஆறுதானே. மேற்கே சிறுவாணி மலைகள், வானம் தெளிவாக இருந்தால் அணைத் தண்ணீர் தகடு மாதிரி மின்னும்.

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் அங்கே இருந்தால் போதும். பத்து மணிக்கு மேல் புகைமூட்டமாகிவிடும், போன் கேமராவில் எல்லாம் வெள்ளையாகத்தான் விழும்.

ஒன்று மட்டும். மேலேயிருந்து இறங்கி வருகிற யாரிடமும் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்காதீர்கள். அத்தனை பேரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: "இன்னும் கொஞ்சம்தான் சாமி."

---

கோதை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எனக்கு 31. பெண்கள் ஏற முடியுமா?

---

நொய்யல்கரை எழுதியது:

இல்லைங்க. வழக்கம் என்று சொல்லிச் சின்னப் பெண் குழந்தைகளையும் வயதான அம்மாக்களையும்தான் மேலே விடுகிறார்கள், மற்றவர்களை அடிவாரத்தோடு நிறுத்திவிடுவார்கள். சரியா தப்பா என்று இங்கே ஆரம்பித்தால் திரி திசைமாறிவிடும், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி ஏற்றம் வேண்டும் என்றால் திருவண்ணாமலைப் பக்கம் பர்வதமலை போங்கள். கடப்பாறையும் சங்கிலியும் பிடித்து ஏறுகிற இடம் உண்டு, பெண்கள் நிறையப் பேர் ஏறுகிறார்கள்.

---

தறிக்காரர் மகன் எழுதியது:

போய் வந்துவிட்டோம். சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

டெஸ்ட் எல்லாம் எடுத்தோம். டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார், முட்டிக்கு உறை ஒன்று போடச் சொன்னார். ஆறு வாரம் சென்னிமலைப் படி. முதல் வாரம் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது நான், அப்பா இல்லை. அவர் மேலே நின்றுகொண்டு, "கம்ப்யூட்டரைக் கூட்டிட்டு வந்தது தப்பாப் போச்சு" என்று பெரியப்பா பையனிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை, நாலேகாலுக்குப் படி ஏற ஆரம்பித்தோம். பாதிமலைப் பழனி சொன்ன மாதிரி, பதினொரு மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புவது என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தேன். நூறு படிக்கு ஒரு தடவை நின்றோம், அவர் முன்னால், நாங்கள் பின்னால், அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். முதல் மலைக்கே இரண்டு மணி நேரம் ஆனது. ஐந்தாவது மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. புல்வெளி அவர்களே, நீங்கள் சொன்ன புகைமூட்டம் வந்துவிட்டது, சிறுவாணி தெரியவில்லை. ஆனால் மேகம் எங்களைக் கடந்து போனது. அப்பா கையை நீட்டி அதைப் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், நான் போட்டோ எடுக்கப் போனதும் கையை இறக்கிவிட்டார்.

ஆறாவது மலை இறக்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தார். கீழே சுனைப் பக்கம் ஆட்கள் எறும்பு மாதிரி. எதிரே ஏழாவது மலை. தறிக்காரர் கணக்கு தப்பாது, விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "எனக்கு இது போதும், நீ போயிட்டு வா" என்றார். மணியைக்கூடப் பார்க்கவில்லை. நான் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன், அதற்கு வேலையே இல்லை. பெரியப்பா பையன் அவரோடு உட்கார்ந்துவிட்டான், அவன் போன வருஷமே உச்சி பார்த்தவன்.

நான் இறங்கி, ஏறி, அரை மணி நேரம் வரிசையில் நின்று, சாமி பார்த்து, மறுபடி ஆறாவது மலையை ஏறினேன். நொய்யல்கரை அண்ணா, நீங்கள் அவ்வளவு எழுதியும் எனக்குப் புரியவில்லை, அந்த ஏற்றத்தில்தான் புரிந்தது. நாலு அடிக்கு ஒரு தடவை தடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. மேலே வந்து பார்த்தால் அவர் பாறை நிழலில் சுக்குக் காபியோடு உட்கார்ந்து, மூச்சு வாங்கி வருகிற ஒவ்வொருத்தரிடமும் "இன்னும் கொஞ்சம்தான் சாமி, இனி எறக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரம் ஆனது. முதல் மலையில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார், பெரிய படிகளில் உட்கார்ந்து இறங்கினார், வெட்கப்படவில்லை. அடிவாரத்துக்கு வரும்போது இருட்டிவிட்டது, ஹெட் டார்ச் கொண்டுபோனது நல்லதாயிற்று. முட்டி இரண்டு நாள் வீக்கம், ஐஸ் ஒத்தடம் கொடுத்ததில் வடிந்துவிட்டது. எனக்கு நாலு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை.

---

மழைக்காதலன் எழுதியது:

நல்லபடியாக வந்தீர்களே, சந்தோஷம். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அப்பாவை எனக்குப் பிடித்திருக்கிறது. தடியை என்ன செய்தார்?

---

தறிக்காரர் மகன் எழுதியது:

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நிறையப் பேர் அடிவாரத்தில் வைத்துவிட்டு வருகிறார்கள், இவர் பஸ்ஸில் மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தார், நடத்துநர் இரண்டு தடவை முறைத்தார். இப்போது அம்மா துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார். செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலையில் மட்டும் கொடி தாழ்ந்து தொங்கும், அப்பா அதை எடுத்துக்கொண்டு சென்னிமலைப் படிக்குப் போயிருப்பார்.